குளம்பின் அளவும் அறிவின் அளவையும்

செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் இருக்கிறது வல்லம். அந்தப் பக்கத்துப் பெரியவர்களிடம் செஞ்சியை ஆண்ட ராஜா தேசிங்கைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், பேச்சு சீக்கிரமே குதிரைக்கு வந்துவிடும். டெல்லி பாதுஷாவின் லாயத்தில் யாருக்கும் அடங்காமல் நின்ற பரியைச் சிறுவன் தேசிங்கு ஏறி அடக்கிய கதை, வெள்ளம் புரண்ட ஆற்றை அந்தக் குதிரை கடந்த கதை, மணமேடையிலிருந்து எழுந்து நண்பனுக்காகப் போருக்கு வந்த மோவத்கானின் கதை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். தேசிங்கின் குதிரைக்குப் பாராசாரி என்றும், மோவத்கானின் குதிரைக்கு நீலவேணி என்றும் கதைப்பாடல் பெயர் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் அரசர்களின் பெயரே மறந்துபோன ஊர்கள் எத்தனையோ உண்டு. இங்கே குதிரைகளின் பெயர்கூட மறக்கவில்லை.

வரலாறு சொல்லும் செய்தி சுருக்கமானது. 1714ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி, ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் படையை எதிர்த்து நின்று இளம் வயதிலேயே தேசிங்கு மாண்டார். எதிரிகள் குதிரையின் காலை வெட்டித்தான் வீரனைத் தரையில் இறக்கினார்கள் என்பது கதை. நீலாம்பூண்டியில் மோவத்கானுக்கும் குதிரைக்கும் சமாதிகள் இருப்பதாக வட்டார மக்கள் சொல்கிறார்கள். மனிதனுக்குப் பக்கத்தில் குதிரைக்கும் ஒரு குழி வெட்டி, அதை 300 ஆண்டுகளாக நினைவில் வைத்திருப்பது சிறிய காரியம் அல்ல.

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி அடிவாரத்தில் வளைவு வாயில்களோடு வரிசையாக நிற்கும் அறைகளைக் குதிரை லாயம் என்று காட்டுகிறார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி ஒன்றுதான். பயணிகள் மலையையும் மதிலையும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். லாயத்துக்கு உள்ளே போனால் கண் தானாகத் தரைக்குப் போகும். இந்தக் கருங்கல் பூமியில் நூற்றுக்கணக்கான குதிரைகள் நின்றன, நடந்தன, ஓடின. அவற்றைப் பராமரித்தவர்கள் தினமும் காலையில் என்ன பார்த்தார்கள்? எதைக் கொண்டு ‘இது இன்று ஓடும், இது ஓடாது’ என்று முடிவு செய்தார்கள்?

இது கால்நடை மருத்துவத்தின் கேள்வி மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாது. ஓர் உயிரை அளந்து அறிய முடியுமா, முடியும் என்றால் எந்த அளவு மெய்யான அளவு என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. அந்தக் கேள்வியைச் செஞ்சியும் அடங்கிய இதே தென்னார்க்காட்டு மண் மிக ஆழமாகக் கேட்டிருக்கிறது. அதற்குப் போகும் முன், குதிரையை வாங்குகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று கவனிக்கலாம்.

ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழா நடக்கும்போது பெரிய குதிரைச் சந்தை கூடும். கத்தியவார், மார்வார் குதிரைகள் வரும். விலை பேச வருகிறவர் முதலில் பார்ப்பது சுழி. நெற்றியில் எத்தனை சுழி, கழுத்தில் எங்கே சுழி, முதுகில் சுழி உண்டா என்று மயிரை விலக்கி விலக்கிப் பார்ப்பார்கள். ஒரு சுழி வீட்டுக்கு ஆகும், ஒரு சுழி ஆகாது. ஆகாத சுழி உள்ள குதிரை எவ்வளவு திடமாக இருந்தாலும் விலை போகாது. இந்த வழக்கத்துக்குப் பின்னால் நீண்ட நூல் மரபு உண்டு. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரம் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் வண்ணப் படங்களோடு இருக்கிறது. குதிரையின் நிறம், சுழி, உறுப்பின் நீளம் எல்லாவற்றுக்கும் இலக்கணம் வகுத்த மரபு அது.

சுழி பார்க்கிறவர் குதிரையைத்தான் பார்க்கிறார், ஆனால் அவர் மனத்தில் இருக்கிற கேள்வி தன்னைப் பற்றியது. இந்தக் குதிரை எனக்கு என்ன கொண்டுவரும்? குளம்பைக் கையில் எடுத்துப் பார்க்கிறவரின் கேள்வி வேறு. இந்தக் குதிரைக்கு எங்கே வலிக்கிறது?

குளம்பு என்று நாம் வெளியே பார்ப்பது நம் நகத்தைப் போன்ற ஒரு பொருள்தான். குதிரை ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரலின் நுனியில் நிற்கிறது. நம் கையின் நடுவிரலுக்கு இணையான விரல் அது. அந்த விரல் நுனி எலும்பைச் சுற்றி, நூற்றுக்கணக்கான மெல்லிய மடிப்புகளால் கோத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறது குளம்புச் சுவர். சுவரில் உணர்ச்சி இல்லை, உள்ளே இருக்கும் மடிப்புகளில் உயிர் துடிக்கிறது. உடல் எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்கள் தாங்குவதால் முன்குளம்பு வட்டமாக விரிந்திருக்கும். உந்தித் தள்ளும் பின்குளம்பு சற்றுக் கூராக, நீளவாட்டில் இருக்கும்.

பழகிய லாடக்காரர் எடுத்தவுடன் காலைப் பிடித்து இழுக்க மாட்டார். குதிரையின் தோளில் கை வைத்து, கையை மெல்ல வழித்துக்கொண்டே கீழே வருவார். கணுக்காலுக்குக் கை வந்ததும் குதிரை தானே காலைத் தளர்த்தும். அதைத் தூக்கித் தன் இரு முழங்கால்களுக்கு இடையே இடுக்கிக்கொள்வார். அடியில் ஒட்டியிருக்கும் மண்ணையும் சாணத்தையும் சுரண்டினால் நடுவில் முக்கோணமாக, ரப்பரைப் போல அமுங்கும் ஒரு பகுதி தெரியும். குதிரை காலை ஊன்றும்போது அதிர்வைத் தாங்கும் மெத்தைகளில் இதுவும் ஒன்று. சுவருக்கும் உள்ளங்காலுக்கும் நடுவே வெளிறிய ஒரு கோடு ஓடும். லாட ஆணி அந்தக் கோட்டுக்கு வெளியே இறங்கினால் குதிரைக்குத் தெரியவே தெரியாது, உள்ளே இறங்கினால் நொண்டும். அந்தக் கோட்டுக்கு இரு புறமும் சில மில்லிமீட்டர்தான் இடம்.

அளவு எடுப்பதும் எளிய வேலைதான். மயிர் முடியும் இடத்திலிருந்து தரை வரை முன்சுவரின் நீளம், குதிகாலின் உயரம், அகன்ற இடத்தில் அகலம், முன்சுவர் தரையோடு சேரும் கோணம், இடப்பாதிக்கும் வலப்பாதிக்கும் உள்ள வேறுபாடு. பித்தளைக் கோணமானியும் அளவுகோலும் போதும். இன்று பக்கவாட்டிலும் அடியிலும் படம் எடுத்துக் கணினியில் புள்ளி குறித்து அளக்கிறார்கள். உள்ளே எலும்பு எப்படி நிற்கிறது என்று பார்க்க எக்ஸ்ரே இருக்கிறது.

இந்த இடத்தில் தமிழ்ச் சொல் ஒன்று நம்மை நிறுத்துகிறது. வடமொழித் தத்துவ நூல்கள் ‘பிரமாணம்’ என்று சொல்வதைத் தமிழ் ‘அளவை’ என்று சொன்னது. ஒன்றை மெய் என்று அறிவதற்கான வழிக்குப் பெயர் அளவை. படியாலும் முழக்கோலாலும் ‘அளப்பது’ எந்த வேரிலிருந்து வந்ததோ அதே வேர். விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டார் சிவஞானபோதம் செய்தார். அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார் 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரை இயற்றினார். கடவுளைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த நூல் அளவையைப் பற்றிப் பேசுகிறது. அளவைகள் பத்து என்று சிலர் எண்ணினாலும் எல்லாம் மூன்றில் அடங்கும் என்பது சித்தாந்த முடிவு. காட்சி, கருதல், உரை. கண்டு அறிவது, கண்டதிலிருந்து காணாததை ஊகித்து அறிவது, நூல் சொல்லி அறிவது.

குளம்பைக் கையில் எடுத்தவருக்கு இந்த மூன்றும் வேண்டும். முதலில் காட்சி. குளம்பு மாதத்துக்குச் சுமார் 6 முதல் 10 மில்லிமீட்டர் வளர்கிறது. முன்சுவர் மேலிருந்து தரை வரை முழுதாகப் புதிதாக வர ஏறக்குறைய ஓராண்டு ஆகும். அதனால் குளம்பின் மேல் ஓர் ஆண்டு எழுதப்பட்டிருக்கிறது. காய்ச்சல் வந்த மாதம், தீனி மாறிய மாதம், பட்டினி கிடந்த மாதம் எல்லாம் சுவரில் வளையங்களாகத் தெரியும்.

வளையத்தைப் பார்த்துக் காய்ச்சலை அறிவது கருதல். மணிமேகலையில் அளவைவாதி இந்த வகைக்கு ‘எச்சம்’ என்று பெயர் சொல்கிறான். ஆற்றில் வெள்ளம் வருவதைக் கண்டு மலையில் மழை பெய்ததை அறிவது எச்சம். கருமேகத்தைக் கண்டு மழை வரப்போவதை அறிவது ‘முதல்’. குளம்பின் முன்பகுதி நீண்டு கிடப்பதைக் கண்டு, இதை இப்படியே விட்டால் பின்தசைநார் இழுபட்டு நோகும் என்று சொல்கிறாரே மருத்துவர், அது முதல். சென்ற ஆண்டையும் வரும் ஆண்டையும் ஒரே குளம்பில் படிக்க முடிகிறது.

அளவைகளைப் போலத் தோற்றம் காட்டி ஏமாற்றுபவை எட்டு என்றும் மணிமேகலை பட்டியல் தருகிறது. அவற்றில் ஒன்று ‘தேராது தெளிதல்’. ஆராயாமலே முடிவுக்கு வந்துவிடுவது. இன்னொன்று ‘கண்டுணராமை’. கண் முன்னால் இருந்தும் இன்னதென்று உணராமல் போவது. சுழியைப் பார்த்து விலையை முடிப்பது முதல் பிழை. குதிரை வண்டியில் தினமும் சவாரி செய்தும் அதன் கால் தேய்ந்து கிடப்பதைக் காணாமல் போவது இரண்டாவது பிழை.

இந்தப் பிழைகளுக்குத் தமிழகம் கொடுத்த விலை பெரியது. அருணந்தியார் வாழ்ந்த அதே 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ இந்தக் கடற்கரைக்கு வந்தார். பாண்டிய அரசன் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறான், அவன் சகோதரர்களும் அதே அளவு வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் 100கூடத் தேறுவதில்லை என்று அவர் எழுதிவைத்தார். ஹோர்முஸ், கிஷ், தோபார் துறைமுகங்களிலிருந்து குதிரைகள் வந்தன. ஆனால் அவற்றைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த லாடக்காரர்கள் வரவில்லை. குதிரை சாகச் சாக வியாபாரம் நடக்கும் என்பதால் வணிகர்கள் அவர்களை வரவிடவில்லை என்கிறார் போலோ. சமைத்த சோற்றையும் இறைச்சியையும் குதிரைக்குக் கொடுத்தார்கள் என்றும், நல்ல சாதிக் குதிரைக்கு இங்கே பிறந்த குட்டிகள் கால் கோணிப் பிறந்தன என்றும் அவர் குறிப்பு சொல்கிறது. வாஸ்ஸாப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார் என்கிறார்.

பொன்னை நிறுத்துக் கொடுத்தவர்கள் குளம்பை அளக்கவில்லை. பட்டினப்பாலையின் காலத்திலிருந்தே கடல் வழியாகக் குதிரை வந்து இறங்கிய நாடு இது. வாங்கும் அறிவு இருந்தது, வளர்க்கும் அறிவு இல்லாமல் போயிற்று. கண்டுணராமைக்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேட வேண்டியதில்லை.

சரி, அளந்தால் மட்டும் போதுமா? மூன்றாவது அளவையான உரை இங்கேதான் சிக்கலைக் கொண்டுவருகிறது. முன்குளம்பின் கோணம் 45 பாகை இருக்க வேண்டும் என்று பழைய மேலைநாட்டுப் பாடநூல்கள் எழுதின. அந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு லாடக்காரர்கள் குளம்பை அந்த வடிவத்துக்குச் சீவினார்கள். பிறகு பல குதிரைகளை அளந்தபோது, நலமாக நடக்கும் குதிரைகளில் பெரும்பாலானவை அதைவிட நிமிர்ந்த கோணத்தில் நிற்பது தெரிந்தது. நூல் சொன்ன எண்ணுக்காகக் குதிகால் தாழ்த்தப்பட்ட குதிரைகளின் தசைநார்கள்தான் அந்தத் தவறைச் சுமந்தன.

இங்கிலாந்தில் பிரேசி கிளார்க் என்ற கால்நடை மருத்துவர் வேறு வழியில் போனார். லாடம் காணாத ஓர் இளம் பெண்குதிரையின் குளம்பைச் சாந்தில் அச்செடுத்துக்கொண்டார். லாடம் அடித்த பிறகு ஆண்டுக்கு ஆண்டு அதே குளம்பை மறுபடி அச்செடுத்தார். வட்டமாக இருந்த குளம்பு கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கி வந்ததை அந்த அச்சுகள் காட்டின. 1809இல் அதைப் படங்களோடு வெளியிட்டார். ஊருக்கெல்லாம் பொதுவான ஓர் எண்ணை அவர் தேடவில்லை. ஒரே குதிரையை அதன் நேற்றைய குளம்போடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

1980களில் அமெரிக்காவின் ஜெய்ம் ஜாக்சன் மேற்குப் பாலைகளில் திரியும் காட்டுக்குதிரைகளிடம் இலட்சியக் குளம்பைத் தேடினார். மனிதக் கை படாத குளம்புதான் சரியான அளவு என்ற நம்பிக்கை அதிலிருந்து பரவியது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் பிரையன் ஹாம்ப்சனும் கிறிஸ் பொல்லிட்டும் அந்த நம்பிக்கையையும் அளந்து பார்த்தார்கள். 100 காட்டுக்குதிரைகளின் முன்குளம்பை எடுத்து ஆராய்ந்தபோது பலவற்றில் கோளாறுகள் இருந்தன. கல்லாந்தரையில் திரிந்தவற்றின் குளம்பு தேய்ந்து குட்டையாகவும், மணற்பாங்கான இடத்தில் திரிந்தவற்றின் குளம்பு நீண்டு விரிந்தும் இருந்தது. காட்டிலும் ஒரே அளவு கிடைக்கவில்லை. தரை மாறினால் குளம்பு மாறுகிறது.

அப்படியானால் உண்மையான அளவு எங்கே இருக்கிறது? செஞ்சிக்குப் பக்கத்தில் இதற்கு ஒரு பழைய விடை கல்லில் அமர்ந்திருக்கிறது. சிங்கவரத்துக்கு அருகே திருநாதர் குன்றில் 24 தீர்த்தங்கரர்களும் ஒரே பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். சந்திரநந்தி ஆசிரியர் என்ற சமணத் துறவி 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த செய்தியைச் சொல்லும் மிகப் பழைய கல்வெட்டும் அங்கே உண்டு. வல்லம் வட்டாரத்து மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் இயங்குகிறது.

உயிரின் அளவைப் பற்றிச் சமணம் சொன்னது பிற சமயங்கள் சொல்லாதது. உயிர் எங்கும் நிறைந்தது என்று சிலர் சொன்னார்கள், அணு அளவே என்று சிலர் சொன்னார்கள். சமணம், உயிர் தான் புகுந்த உடம்பின் அளவே என்றது. அறையில் வைத்த விளக்கின் ஒளி அறை முழுவதும் நிறைவது போல எறும்பில் எறும்பளவு, யானையில் யானையளவு, குதிரையில் குதிரையளவு. அந்தக் கணக்கில் குதிரையின் உயிர் நெஞ்சுக்குள் எங்கோ ஒளிந்திருப்பது அல்ல, நான்கு கால்களின் கீழ் நுனி வரை நிறைந்து நிற்பது. ஆணி தவறி இறங்கும் இடத்திலும் முழு உயிர் இருக்கிறது.

அநேகாந்தம் என்ற சமணக் கொள்கை இன்னொரு வாசலைத் திறக்கிறது. எந்தப் பொருளுக்கும் பக்கங்கள் பல. ஒரு நிலையிலிருந்து சொன்ன கூற்று அந்த நிலைக்கு மட்டும் உண்மை. ‘இந்தக் குளம்பு 50 பாகை’ என்பது உண்மைதான், இன்றைக்கு, இந்தத் தரையில், இந்தக் குதிரை நேராக நிற்கும்போது. நாளை மழை பெய்து தரை இளகினால், குதிரை சினையானால், வயதானால் அளவு மாறும். அந்த எண்ணையே குதிரை என்று எடுத்துக்கொள்வதுதான் தவறு.

சித்தியாரை இயற்றிய அருணந்தியார் சமணக் கொள்கையை மறுத்தவர். உயிரின் அளவில் இரு தரப்பும் கடுமையாக மோதிக்கொண்டன. ஆனாலும் சைவ சித்தாந்தம் அளவையைப் பற்றிச் சொன்ன ஒரு நுட்பம் இங்கே துணைக்கு வருகிறது. காட்சியும் கருதலும் உரையும் கருவிகள்தாம், மெய்யான அளவை ஆன்மாவின் அறிவாற்றலே என்கிறது அது. கோணமானி எதையும் அறியாது. அறிவது அதைப் பிடித்திருக்கும் மனிதரின் அறிவு. அந்த அறிவு எதை நோக்கித் திரும்பியிருக்கிறதோ அதற்குத் தக்கதாகத்தான் அளவும் அமையும். லாபத்தை நோக்கித் திரும்பிய கண்ணுக்கு 220 தினார் தெரியும், வலியை நோக்கித் திரும்பிய கண்ணுக்கு வெளிறிய கோடு தெரியும்.

அளவு எங்கே தோற்கும் என்பதையும் தமிழ்ச் சைவம் குதிரையை வைத்தே சொல்லியிருக்கிறது. குதிரை வாங்கக் கொண்டுபோன பாண்டியனின் பொன்னை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவிட்டார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கி, தானே குதிரை வணிகனாய் மதுரைக்கு ஓட்டிவந்தார். பாண்டியனும் அவன் ஆட்களும் பார்த்தார்கள், இலக்கணம் எல்லாம் பொருந்தியது, லாயத்தில் கட்டினார்கள். இரவில் அவை நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின. ஆவணி மூலத் திருவிழாவில் மதுரை இன்றும் இந்த லீலையைக் கொண்டாடுகிறது. பாண்டியன் பார்த்தது வடிவத்தை. வடிவத்துக்குள் இருந்த உயிரை அவனுடைய எந்த அளவையும் தொடவில்லை. பக்தர்கள் இதில் இறைவனின் திருவிளையாடலைக் காண்கிறார்கள். குதிரையோடு பழகுகிறவர் இன்னொன்றையும் காணலாம். தோற்றத்தின் இலக்கணத்தோடு நின்றுவிடும் அளவு, உயிரைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

தோற்றத்துக்கு முன் காலைப் பார்த்த மரபுகளும் உண்டு. ஐயனார் கோயிலுக்கு மண்குதிரை செய்யும் வேளார்கள் கால்களிலிருந்துதான் தொடங்குகிறார்கள். களிமண்ணில் வைக்கோலும் மணலும் கலந்து மிதித்து, நான்கு கால்களையும் உருளைகளாக எழுப்பிக் காயவிடுவார்கள். கால்கள் எடையைத் தாங்கும் பதத்துக்கு வந்த பிறகே வயிறும் கழுத்தும் தலையும் ஏறும். கால் ஈரமாக இருக்கும்போது உடலை ஏற்றினால் குதிரை சரிந்துவிடும். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி எழுதிய கிரேக்கத் தளபதி செனபோனும் குதிரை வாங்குகிறவரைப் பாதத்திலிருந்து பார்க்கத் தொடங்கச் சொன்னார். அடித்தளம் சரியில்லாத வீட்டின் மேல்மாடியால் என்ன பயன் என்பது அவர் வாதம். ஒன்றை ஒன்று அறியாத இரு மரபுகள் ஒரே இடத்தில் கை வைத்திருக்கின்றன.

இன்று தமிழ்நாட்டில் போர்க்குதிரை இல்லை. மெரினா மணலில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நடக்கும் குதிரை இருக்கிறது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குத் தார்ச்சாலையில் வரும் குதிரை இருக்கிறது. கடற்கரை மணலும் கொதிக்கும் தாரும் குளம்பை வேறு வேறு விதமாகத் தேய்க்கின்றன. குழந்தையை ஏற்றிவிட்டுப் படம் எடுக்கும் பெற்றோர் ஒரு நிமிடம் குனிந்து அந்தக் கால்களைப் பார்க்கலாம். குளம்பு நீண்டு மேல்நோக்கி வளைந்திருந்தால், சுவரில் வெடிப்பு ஓடியிருந்தால், கால்களை மாற்றி மாற்றி ஊன்றினால் ஏற்ற வேண்டாம். உரிமையாளரிடம் காரணத்தைச் சொல்லி, கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொல்லலாம். அரசு கால்நடை மருத்துவமனைகள் மாவட்டந்தோறும் இருக்கின்றன.

தாமதம் மட்டும் கூடாது. இன்று தவறாகச் சீவிய குளம்பு முழுதாக வளர்ந்து மாறுவதற்கு ஓராண்டு ஆகும். அந்த ஓராண்டும் குதிரை அதன் மேல்தான் நிற்க வேண்டும்.